பழசு வந்தால் திரும்பு

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே கூடத்தில் கிடந்த கட்டில் ஜன்னலோரத்துக்குப் போய்விட்டது. வேலை முடிந்து களைத்து வந்த அண்ணன் வழக்கமான இடத்தில் அப்படியே பின்னால் சாய்ந்தான். தரைதான் இருந்தது. "இது வீடா, ரயில்வே ஸ்டேஷனா? காலைல ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம்!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அண்ணி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். "சரி, சரி. இங்க வந்து உக்காந்து பாருங்க, காத்து வருது" என்றாள். உட்கார்ந்தான். காற்று வந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்றைக்கு நான் அவளுக்கு வைத்த பெயர் நகர்த்தி. எங்கள் தெருவுக்கே அவள் இப்போது நகர்த்தியக்காதான். பெயர் வைத்த எனக்கு அதற்காக யாரும் நன்றி சொன்னதில்லை.

அவள் முதலில் பர்னிச்சர் கடையில் வேலை பார்த்தாள். சோபா விற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் சோபா விற்க வேண்டியவள், வாங்க வந்தவர்களை நிறுத்தி, "உங்க ஹால் எவ்வளவு பெரிசு? கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று குறுக்கு விசாரணை செய்துவிட்டு, "இது வேணாங்க, உள்ள போனா நீங்க வெளிய நிக்கணும்" என்று திருப்பி அனுப்பினால் முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? ஒருநாள் கைகூப்பி, "அம்மா தாயே, நீ வீட்டுல இருந்தாலே எனக்கு வியாபாரம் ஆகும்" என்று அனுப்பிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவள் திருப்பி அனுப்பிய ஆட்களே விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். "கடையில அந்தம்மா இல்லைங்களே, அவங்களைப் பாக்கணும்" என்பார்கள். அண்ணி எதிர்பார்த்தவள் போலத் தலையாட்டிக்கொண்டு செருப்பை மாட்டிக் கிளம்புவாள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு எரிச்சல். நமக்கெல்லாம் ஒரு நல்லது நடந்தால் திகைப்பு வரும். அவளுக்கு வராது.

நான் அப்போது மெத்தை உறையும் திரைச்சீலையும் தைத்துக்கொண்டிருந்தேன். "நாத்தனாரே, மெஷினைத் தூக்கிட்டு வா" என்று ஒருநாள் கூப்பிட்டாள். அன்றிலிருந்து அவள் நகர்த்துவாள், நான் தைப்பேன். மரவேலைக்கு எங்களோடு ஒரு தச்சர் உண்டு. பேச மாட்டார். அண்ணி பேசுவதே மூன்று பேருக்குப் போதும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாள் அவள் அளவு நாடாவை வெளியே எடுக்க மாட்டாள். வீட்டில் இருப்பவர்களை வரிசையாக உட்கார வைத்து, "இந்த வீட்டுல சண்டை வந்தா யார் யார் எங்க போய் உக்காருவீங்க?" என்று கேட்பாள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றால் நெளிவார்கள். "நாங்க சண்டையே போடறதில்லைங்க" என்பார்கள். "போடுவீங்க, சொல்லுங்க" என்பாள். கோபத்தில் ஒருவர் தேடிப் போகும் இடம்தான் அந்த வீட்டில் அவருக்கு மனசுக்குப் பிடித்த இடம் என்பது அவள் கட்சி. அங்கே ஒரு நல்ல நாற்காலியைப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பாள்.

பழைய சாமான் விஷயத்தில் ஜனங்கள் இரண்டு வகை. ஒரு வகை, எல்லாவற்றையும் தூக்கிக் கடாசிவிட்டு வெள்ளையும் கண்ணாடியுமாகப் பளபளவென்று வேண்டும் என்பவர்கள். பத்திரிகைப் படத்தைக் காட்டி, "இப்படியே வேணும்" என்பார்கள். "இந்தப் படத்துல எங்கயாவது ஒரு ஈரத் துண்டு காயுதா பாருங்க. உங்க வீட்டுத் துண்டை எங்க காயப்போடுவீங்க?" என்று அண்ணி கேட்டால் படத்தை மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். இன்னொரு வகை, பழசை மூலையில் நிறுத்தி, மேலே ஒரு பூச்சாடி வைத்து, யாரும் தொடக்கூடாது என்று காவல் காப்பவர்கள். இந்த இரண்டாவது வகையைக் கண்டால்தான் அவளுக்கு அதிகக் கோபம் வரும். "பழசுக்கு வேலை கொடுக்கணும். சும்மா நிக்க வெச்சா அதுக்கும் அலுப்பு, பாக்குறவங்களுக்கும் அலுப்பு" என்பாள். மருந்துக்கடையில் கிடந்த இழுப்பறை மேசையை ஒரு வீட்டில் சமையல் மேடை ஆக்கினாள். ஒரு வக்கீல் வீட்டில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்து தேய்ந்த பெஞ்சைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் போட்டாள். எதிரே புத்தம் புது நாற்காலிகள். கால் உயரத்தைச் சமமாக்கிவிட்டால் பழசுக்கும் புதுசுக்கும் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பாள். மீதிச் சண்டையைத் தீர்ப்பது நான் தைக்கும் துணி. இதை அவள் சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் பார்க்க வருகிறவர்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்காக அவள் காத்துக்கொண்டு நிற்பாள். "எது பழசு, எது புதுசுன்னே தெரியலையே!" அதைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் அவள் கையால் டீ. ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் போடுவதுதான் கைவேலை என்பதில் அவளுக்கும் எனக்கும் தச்சருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. எங்கள் கொடி அப்படித்தான் பறந்துகொண்டிருந்தது, போஸ்ட்மாஸ்டர் அம்மா வீட்டுக்குப் போகும்வரை.

போஸ்ட்மாஸ்டர் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் குரல் மட்டும் இன்னும் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற குரல். குடியிருந்த வீட்டை இடிக்கப் போவதாக அதன் சொந்தக்காரர் சொன்னதும், வெளியூரில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அவர் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதே தெருவில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் சின்னதாக ஒரு ஃபிளாட் பார்த்தார். தெரு முழுக்க அவர் காலுக்குத் தெரியும். தெருவில் யார் தயவும் அவருக்கு வேண்டாம். மகன் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். "வீட்டை சரி பண்ணித் தரேன். நீ தனியா நடமாட முடியுதான்னு பாப்பேன். முடியலைன்னா மறுபேச்சு பேசாம என்கூடக் கிளம்பணும்." அவர் ஒத்துக்கொண்டார். வேறு வழி இல்லை.

மகனைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி போன் அடித்தால் நெஞ்சு பதறுகிறவன் அவன். "விழுந்து கை உடைஞ்சா யாருங்க பாப்பாங்க?" என்று எங்களிடம் கேட்டபோது அவன் கண் கலங்கித்தான் இருந்தது.

அண்ணி வழக்கம்போல முதல் நாள் கேள்வியைக் கேட்டாள். "கோவம் வந்தா எங்க உக்காருவீங்கம்மா?"

"யார்கூட சண்டை போட? தனியா இருக்கேன். சாப்பாட்டு மேசைலதான். கை ரெண்டையும் ஊணிட்டு உக்காருவேன்."

பழைய வீட்டிலிருந்து வர வேண்டியவை மூன்று: ஓரமெல்லாம் கொடி செதுக்கிய மர அலமாரி, விளிம்பில் மணி மணியாகக் கடைந்த சாப்பாட்டு மேசை, முதுகில் பிரம்பு பின்னிய நாற்காலி. மற்றதெல்லாம் புதுசு. அண்ணி அந்த வீட்டுக்கு மிகவும் மெனக்கெட்டாள். கால் தடுக்கும் என்று தரைவிரிப்பே கூடாது என்றாள். இடித்துக்கொள்ளக் கூடாது என்று எல்லா முனைகளையும் மழுக்கினாள். பழைய அலமாரியில் சிராய்ப்பும் பிளவுமாக இருந்தது. கையைக் கிழிக்கும் என்று தச்சரை விட்டுப் பட்டி பூசி அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செதுக்கலெல்லாம் நிரம்பும்படி வார்னிஷ் மேல் வார்னிஷ் ஏற்றினாள். மேசை விளிம்பும் வழவழப்பாயிற்று. பிரம்பு நாற்காலிக்கும் புது சோபாவுக்கும் நான் ஒரே துணியில் உறை தைத்தேன். மெத்தென்று, நல்ல துணி. தொட்டால் கையை எடுக்க மனசு வராது.

வீடு முடிந்த அன்று மகன் வந்து பார்த்தான். பெட்டியோடுதான் வந்திருந்தான். மறுநாள் சாயங்காலம் பஸ், அம்மாவுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருந்தான். சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "அக்கா, எது பழசு, எது புதுசுன்னே தெரியலையே!" என்றான். அண்ணி தலையாட்டினாள். அதே தலையாட்டல்.

அப்புறம் அவன் வெளியே லிஃப்ட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் காத்திருந்த அம்மாவை உள்ளே அழைத்து வந்தான். அவர் கைத்தடியை வாசலில் சாய்த்துவிட்டு, "விடுடா கையை" என்றார். விட்டான்.

சுவரோரம் கையை வைத்துக்கொண்டு நடந்தார். கை புது ஷெல்ஃபின் மேல் போயிற்று. வழவழப்பு. அதைத் தாண்டியும் வழவழப்பு. நின்றார். திரும்பி நாலு எட்டு வைத்தார். முழங்கால் எதிலோ தட்டியது. குனிந்து தொட்டார், துணி. சோபாவா, நாற்காலியா தெரியவில்லை. மறுபடி சுவருக்கு வந்தார். கையைப் பரப்பி மேலும் கீழும் தடவினார். முகத்தில் அந்த அதிகாரமெல்லாம் வடிந்துபோய், தொலைந்துபோன பிள்ளையின் முகம் வந்துவிட்டது.

"என் அலமாரி எங்க? அதை விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

அவர் கை அலமாரியின் மேல்தான் இருந்தது.

தச்சர் எப்போதுமே பேச மாட்டார். நானும் அன்றைக்குத்தான் அவரைப் போல நின்றேன். மகன் போய் அம்மாவின் தோளைப் பிடித்து, "பரவாயில்லைம்மா. நம்ம வீட்டுக்கே போயிடலாம்" என்றான். தோற்றவர்களிடம் பேசுகிற அந்த மெல்லிய குரலில் சொன்னான். போஸ்ட்மாஸ்டர் அம்மா அலமாரியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு உயிர் போயிற்று.

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் கொஞ்ச நேரம்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போய் அந்த அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, தப்பு என்னுது. உக்கார்ற இடத்தைக் கேட்டேன், நடக்கிற வழியைக் கேக்கலை. பழைய வீட்டுல எப்படி நடப்பீங்க, சொல்லுங்க."

"எப்படின்னா? கால் போறபடி."

"கை எதைத் தொடும்?"

அவர் யோசித்தார். கை தானாக மேலே எழுந்து காற்றில் ஒரு வளைவு போட்டது. "அலமாரிக் கொடி கையில் பட்டா படுக்கறைக்குத் திரும்பணும். மேசை மணி பட்டா சமையலறை. பிரம்பு பட்டா பாத்ரூம் கதவு. நடுவுல எல்லாம் சுவர்தான், அதுல என்ன இருக்கு... நேரா போக வேண்டியதுதான்."

அண்ணி எழுந்தாள். மகனைப் பார்த்து, "நாளைக்கு சாயங்காலம்தானே தம்பி பஸ்? அதுக்குள்ள வீட்டை மறுபடி தரேன்" என்றாள்.

"எதுக்குக்கா கஷ்டம்? அம்மாவே மனசு விட்டுட்டாங்க" என்றான்.

"யாருடா விட்டது?" என்றார் போஸ்ட்மாஸ்டர் அம்மா.

அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தோம். தச்சர் தானே ஏற்றிய வார்னிஷைத் தானே சுரண்டினார். ஊசி போன்ற உளியால் செதுக்கலுக்குள் இருந்த பட்டியைத் தோண்டித் தோண்டி எடுத்தார். வாயைத் திறக்காவிட்டாலும் மூக்கால் விட்ட மூச்சில் எல்லாம் சொல்லிவிட்டார். நான் என் கையால் தைத்த உறையை என் கையால் பிரித்தேன். தையல்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது. ஒவ்வொரு தையலாக அறுக்கும்போதும் அண்ணியைத் திட்டினேன். "திட்டு, ஆனா கை நிக்கக் கூடாது" என்றாள்.

அவளுடைய யோசனை இதுதான். பழசு மூன்றும் திரும்ப வேண்டிய இடங்களில் நிற்கும். நடுவில் இருக்கும் நேர்வழியெல்லாம் புதுசு, ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும் புதுசு. புதுசு கைக்கு வந்தால் நேராகப் போ, பழசு வந்தால் திரும்பு. வாசலிலிருந்து ஷெல்ஃப் வழவழவென்று கையைக் கூட்டிக்கொண்டு போய் அலமாரியின் கொடியில் விடும். அந்த இடத்தில் படுக்கையறை. எதிர்ப்பக்கம் சோபாவின் முதுகு கொண்டுபோய் மேசையின் மணியில் விடும். அங்கே சமையலறை. பிரம்பு நாற்காலி பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில். அதற்காக நாங்கள் எல்லாவற்றையும் இடம் மாற்றினோம். நகர்த்தி என்று சும்மாவா பெயர் வைத்தேன்? மேசையை அவளே தனியாளாகத் தள்ளினாள்.

போஸ்ட்மாஸ்டர் அம்மா நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேலை வாங்கினார். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... போதும். அந்தக் கொடியில கீழ் இலை இன்னும் வழுக்குது, சுரண்டச் சொல்லு." தச்சர் சுரண்டினார். சரியாகச் சொன்னார் என்று தலையை மட்டும் ஆட்டினார். அதை அந்த அம்மா பார்க்க முடியாதே என்று அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். "சரிம்மா" என்றார். நான் அவர் குரலை அன்றைக்குத்தான் தெளிவாகக் கேட்டேன்.

வேலை முடிந்ததும் வாசலில் நின்று பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் கண்ணை உறுத்தியது. வெளிறிய புது மரத்துக்கு நடுவில் கறுத்துப்போன பழைய மரம், வெட்டொன்று துண்டு இரண்டாக. எங்கள் கைவேலையில் இப்படி ஒட்டுத் தெரிந்ததே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "உனக்காகப் போடலை" என்றாள். ஆனால் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் கண் பழகிவிட்டது. புதுசு அடங்கி இருந்தது, பழசு தலை நிமிர்ந்து நின்றது. நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தத் தெருவில் அது போல வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், காரணம் தெரியாமலே.

சாயங்காலம் மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அம்மாவின் துணிமணிப் பெட்டியும் கூடவே வாசலில் தயாராக இருந்தது. போஸ்ட்மாஸ்டர் அம்மா வாசலில் நின்று புடவையைச் சரி செய்துகொண்டார், அந்தக் காலத்தில் ஆபீஸ் திறக்கும்போது செய்திருப்பாரே, அப்படி.

நடந்தார். கை ஷெல்ஃபின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. கொடி பட்டது. விரல்கள் ஒரு நொடி அந்த இலைகளின் மேல் நின்றன. "வந்துட்டியா" என்றார் அலமாரியிடம். திரும்பிப் படுக்கையறைக்குள் போனார். உள்ளே கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்டது. எழுந்து வந்தார். சோபா முதுகு, மேசை மணி, சமையலறை. உள்ளே போய்த் தண்ணீர் வைத்து, எங்கள் எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மகன் எழுந்து வாங்கப் போனான். "உக்காரு. நான் கொண்டு வரேன்" என்றார்.

மகன் டீயைக் குடித்தான். குடித்து முடித்தும் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான். "சரிம்மா. தெரியுது. ஆனா நாங்க இருக்கோம்னுதானே இப்படி நடக்கற? ஆள் இல்லாதப்ப?" என்றான்.

"ஆள் இல்லாதப்ப எப்படி நடப்பேன்னு ஆள் இருந்தா எப்படிடா பாப்ப? கிளம்பு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவரே எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். மகனின் முகத்தைத் தடவி, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். அவருடைய துணிமணிப் பெட்டியைக் காலால் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இழுத்துப் போட்டார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். யாரும் கிளம்பவில்லை. மகன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவில் காதை வைத்தான். அண்ணி அவன் பக்கத்தில் நின்றாள். உள்ளே காலடிச் சத்தம். நிதானமாகப் போயிற்று. நின்றது. எதிலாவது இடித்துக்கொள்ளப் போகிறார் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது. காலடி மறுபடி கேட்டது. திரும்பி வேறு திசையில் போனது. ஒரு குழாய் திறந்து மூடிற்று. டம்ளர்களைக் கழுவி அடுக்கும் சத்தம் வந்தது.

அப்புறம் உள்ளிருந்து அந்தக் கவுன்ட்டர் குரல்.

"இன்னும் அங்கேயே நிக்கிறியா? லிஃப்ட் சத்தமே கேக்கலையே. போடா."

அவன் கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அண்ணி அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் லிஃப்ட்டைக் கூப்பிட்டாள்.